மிளகு விளைகிற இடத்துக்குப் போ

1

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டின்போது நான் ஒரு வேடிக்கை பேசினேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சிரிக்கவில்லை. அந்த வேடிக்கையை உங்களுக்கு விளக்க வேண்டுமென்றால், முதலில் ஒரு ஜெர்மன் வார்த்தையை விளக்க வேண்டும். பயந்துவிடாதீர்கள், சின்ன வார்த்தைதான். அந்தச் சாமான் உங்கள் எல்லார் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கிறது.

மிளகு. ஜெர்மன் மொழியில் ப்ஃபெஃபர்.

எனக்குச் சொந்த ஊர் ஏற்காட்டைத் தாண்டி மாரமங்கலம். அங்கே என் அண்ணன் தோட்டத்தில், காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் எல்லாம் மிளகுக் கொடி ஏறியிருக்கும். கல்யாணமாகி ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன டவுனுக்கு வந்து இந்த மாசியோடு பதினைந்து வருஷம். வீட்டுக்காரர் சேகர் சேலத்துக்காரர். இயந்திரம் செய்கிற கம்பெனியில் வேலை. நான் டவுன் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறேன். ஒரே மகள் நிவேதா, நிவி. இங்கேயே பிறந்தவள், பதிமூன்று வயது. இவ்வளவுதான் எங்கள் ஜனத்தொகை.

வந்த புதிதில் மொழி வகுப்பில் என்னைப் பாடாய்ப் படுத்தியது இந்த ப்ஃபெஃபர்தான். உதட்டை மூடி, உடனே கீழுதட்டைப் பல்லால் பிடித்து, ஊத வேண்டும். நான் ஊதினால் எதிரில் இருப்பவர் முகம் நனையும். "பெப்பர்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் டீச்சர், "இங்கே இங்கிலீஷ் வேண்டாம்" என்று விரலை ஆட்டுவாள். அடிப்பாவி, அது விளைகிற ஊரிலிருந்து வந்திருக்கிறேன், எனக்கே அதன் பெயரைச் சொல்லித் தருகிறாயே என்று மனசுக்குள் திட்டுவேன். வெளியே திட்ட அப்போது மொழி போதாது.

2

அந்த முதல் வருஷத்தில் நடந்தது இது. எங்கள் கட்டடத்தில் நான்கு வீடுகள், ஒரே மாடிப்படி. வாரத்துக்கு ஒரு வீட்டார் அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். உங்கள் முறை வந்துவிட்டால் கதவில் ஒரு சின்னப் பலகையை மாட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் நீங்கள் ஜுரத்தில் கிடந்தாலும் சரி, படி சுத்தமாக வேண்டும்.

ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சுத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வாளியில் தண்ணீர் மொண்டு, வீசி ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளுவது. மேல் படியிலிருந்து நான்கு வாளி ஊற்றினேன். புதுப்பெண் நன்றாக வேலை செய்கிறாள் என்று நாலு பேர் சொல்லட்டும் என்ற ஆசை வேறு. தண்ணீர் படிப்படியாக இறங்கி, கீழ்வீட்டு ஹெர் ஷ்டாலுடைய (ஹெர் என்றால் நம் 'மிஸ்டர்') மிதியடியை நனைத்து, கதவிடுக்கு வழியாக உள்ளே போய், அவருடைய மரத்தரையில் குளம் கட்டிவிட்டது.

அவர் வெளியே வந்தார். அறுபது வயதுக்காரர், ஆறடி உயரம், காலில் ஈரமான கம்பளி உறை. நின்ற இடத்திலேயே கத்தினார். நூறு வார்த்தையாவது இருக்கும். எனக்குப் புரிந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். அதில் 'போ' இருந்தது, 'எங்கே' இருந்தது, 'விளைகிறது' இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், வகுப்பில் நான் எச்சில் தெறிக்கப் பழகிய என் மிளகும் இருந்தது.

மிளகு விளைகிற இடத்துக்குப் போ!

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்காணாத தேசத்தில், ஆறடி வெள்ளைக்காரர் ஒருவருக்கு நம்ம மலையைத் தெரிந்திருக்கிறதே! விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்து, "யா! யா! நான் அங்கேதான்! அண்ணன் மிளகு! நிறைய மிளகு!" என்றேன். அவர் திறந்த வாயை மூடவில்லை. நான் மேலே ஓடிப்போய் அண்ணன் கட்டிக் கொடுத்திருந்த மிளகில் ஒரு பாட்டில் நிறைய எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. பாட்டிலோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த சேகரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க, எதுக்கு இந்தச் சிரிப்பு?"

"அது ஊர் விசாரிக்கறது இல்ல சித்ரா. திட்டு. எங்கயாவது தொலைஞ்சு போன்னு அர்த்தம்."

"அப்ப எம் மொளகு?"

"அது போயிருச்சு."

"இப்பவே போயி வாங்கிட்டு வாங்க. எங்கண்ணன் கட்டிக் குடுத்தது. திட்டுனவங்களுக்கெல்லாம் குடுக்கறதுக்கா?"

அவர் போகவில்லை. நான் அன்று சோறு சாப்பிடவில்லை. அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. மூன்றாம் நாள் ஹெர் ஷ்டால் ஆப்பிள் கேக்கோடு வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு துணியை நனைத்து, பிழிந்து, படியை எப்படித் துடைப்பது என்று அவரே குனிந்து துடைத்துக் காட்டினார். கேக் நன்றாக இருந்தது. அதிலிருந்து நான் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு பாட்டில் மிளகு கணக்கில் உண்டு. எங்கள் வீட்டிலும் அந்தத் திட்டு செல்லப் பேச்சாகிவிட்டது. ஊருக்கு டிக்கெட் போட்டால் சேகர், "மிளகு விளைகிற இடத்துக்குப் போறோம்" என்று ஜெர்மனில் பாட்டாகவே பாடுவார்.

3

நூலகத்தில் சேர்ந்த பிறகு ஒருநாள், சொற்களின் பூர்வீகம் சொல்லும் அகராதி ஒன்று கைக்கு வந்தது. செங்கல் கனம். நின்றபடியே ப்ஃபெஃபரைத் தேடினேன். திட்டு வாங்கியவள் அந்தத் திட்டின் குலம் கோத்திரத்தை விசாரிப்பது நியாயம்தானே?

ஜெர்மன்காரர்கள் அந்த வார்த்தையை லத்தீனிடம் வாங்கியிருக்கிறார்கள்: பிப்பெர். லத்தீன் அதைக் கிரேக்கத்திடம் வாங்கியது: பெப்பெரி. கிரேக்கத்துக்கு அது நம் பக்கத்திலிருந்து போயிருக்கிறது: பிப்பலி. பிப்பலி யாரென்று உங்களுக்கே தெரியும். சளிக்குக் கஷாயம் வைக்கும்போது சுக்கு, மிளகோடு சேர்க்கிறோமே, அந்தத் திப்பிலி. ஆக, கப்பலேறும்போது அது திப்பிலியின் பெயர். போன இடத்தில் மிளகின் மேல் ஒட்டிக்கொண்டது. அங்கே இப்போது திப்பிலியை முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதன் பெயரில் மிளகு குடித்தனம் நடத்துகிறது.

எனக்கு இன்னொரு நல்ல சேதியும் கிடைத்தது. ஆதியில் அந்த வார்த்தை வெறும் 'ப'வில்தான் தொடங்கியிருக்கிறது. தெற்கத்தி ஜெர்மன்காரர் வாயில்தான் அது 'ப்ஃப' ஆனது. வடக்கே கடலோரத்துப் பேச்சில் இன்றைக்கும் பேப்பெர்தான். அப்படியானால் நான் வகுப்பில் சொன்னது தப்பில்லை, பழசு. அந்த டீச்சரைத் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏங்கண்ணு, திப்பிலி பேரத் தூக்கி மொளகுக்கு வெச்சுப்புட்டாங்களா? எந்தத் தரகன் பண்ணுன வேலையோ!"

4

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அண்ணன் மாரமங்கலத்தில் புது வீடு கட்டி, மாசியில் பால் காய்ச்சுவதாகச் சொல்லியிருந்தார். மிளகு பறிக்கிற சமயமும் அதுதான். நாங்கள் ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. டிக்கெட் போட்ட சந்தோஷத்தில், ரசத்தைக் கரண்டியில் மொண்டபடி நான்தான் ஜெர்மனில் பாடினேன்: "மிளகு விளைகிற இடத்துக்குப் போகிறோம்!"

நிவி ஸ்பூனைத் தட்டில் போட்டாள். "நான் வரல."

"என்னடி ஆச்சு?"

"நான் வரல. நீங்க போங்க." எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

விஷயம் வெளியே வரச் சாயங்காலமாகிவிட்டது. அவள் வகுப்பில் யான் என்று ஒரு பையன். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அவன் எழுதியதில் ஜெர்மன் பிழை இருந்திருக்கிறது, இவள் திருத்தியிருக்கிறாள். அவனுக்கு ரோஷம் வந்து, எல்லார் முன்னாலும் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டான். இங்கே அதை யாரும் யாருக்கும் சொல்வார்கள். அண்ணன் தம்பிக்குள்ளேயே சொல்லிக்கொள்வார்கள். ஆனால் நிவியிடம் சொன்னபோது இரண்டு பேர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நான் கட்டிலில் உட்கார்ந்து நான்கு வாளித் தண்ணீர் கதையைச் சொன்னேன். அவள் கேட்காததா? ஆனாலும் சொன்னேன். பிப்பலி, பெப்பெரி, பிப்பெர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வார்த்தையே நம்ம ஊர் வார்த்தை, அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்றேன். கடைசி வரை கேட்டாள்.

"அம்மா, உனக்கு அது அட்ரஸ். எனக்கு அது திட்டு," என்றாள். "நீ அங்கேருந்து வந்த. நான் இங்க பிறந்தேன். என்னை எங்க போகச் சொல்றான்?"

தலையைத் தடவப் போன என் கையைத் தள்ளிவிட்டாள்.

"இப்ப நான் அங்க போனா, அவன் சொன்னதைக் கேட்டுப் போன மாதிரி. அவன் ஜெயிச்ச மாதிரி."

பதினைந்து வருஷமாக நான் சிரித்துச் சிரித்து மழுங்கடித்து வைத்திருந்த கத்தி, என் பெண்ணிடம் மட்டும் கூராகவே போய்ச் சேர்ந்திருக்கிறது. சேகர், "விடு, கட்டாயப்படுத்த வேண்டாம்" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. இந்தத் தடவை அவள் வராமல் நின்றுவிட்டால், மாரமங்கலம் அவளுக்குக் காலத்துக்கும் திட்டுக்குள் இருக்கிற ஊராகிவிடும். அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் கோபிகா எல்லாருமே அந்தத் திட்டுக்குள் குடியிருப்பவர்கள் ஆகிவிடுவார்கள்.

5

இரண்டு வாரம் கழித்து ஒருநாள் அவளே வந்து நின்றாள். "வர்றேன். ஆனா ஸ்கூல்ல யாருக்கும் எங்க போறோம்னு சொல்லக் கூடாது." ஏன் மனசு மாறினாள் என்று நான் கேட்கவில்லை. அகராதி வேலை செய்திருக்கிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூட விடுமுறை ஒரு வாரம்தான். மேற்கொண்டு நான்கு நாள் வேண்டும். இங்கே அனுமதியில்லாமல் பிள்ளையை நிறுத்தினால் அபராதம். படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் அண்ணன் வீட்டில் பால் காய்ச்சுதல் என்று ஜெர்மனில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்தில் இருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

"நான்கு நாள் லீவு. பால் காய்ச்சவா?"

"புது வீட்டில் காய்ச்ச வேண்டும். பொங்கி வழிய வேண்டும்."

"அடுப்பெல்லாம் வழியுமே?"

"வழிந்தால்தான் நல்லது."

"வேண்டுமென்றேவா?"

"வேண்டுமென்றே."

அவள் 'முக்கியமான குடும்ப நிகழ்ச்சி' என்று தானே திருத்தி எழுதி முத்திரை குத்தினாள். பிறகு பிரியமாக, இந்தியாவில் எந்த இடம் என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற நிவி என் காலை மிதித்தாள். நாக்கு நுனி வரை வந்த மிளகை விழுங்கிவிட்டு, "ஒரு மலை" என்றேன். ஒரு மாசத்துக்கு அதைவிடச் சிரமமான வேலை எதுவும் நான் செய்யவில்லை.

6

அடிவாரத்தில் ஆரம்பித்து மலை ஏறி முடிகிற வரை நிவி போனைத்தான் பார்த்தாள். வீட்டில் இறங்கியதும் கோபிகா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இவள் கட்டைபோல நின்றாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. போனில் மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள், நேரில் பார்த்ததும் ஒருத்திக்கொருத்தி கூச்சம்.

நிவி பேசுகிற தமிழ், ஜெர்மனுக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிய தமிழ். ஜெர்மனில் பசி எடுக்காது, பசியை 'வைத்திருப்பார்கள்'. முதல் நாள் மத்தியானம் அடுக்களை வாசலில் நின்று சொன்னாள்: "அத்தை, நான் பசி வெச்சிருக்கேன்."

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க சாமி வெச்சிருக்கற? அத அக்கட்டால வெச்சுப்போட்டு வந்து உக்காரு, சோறு போடறேன். இத்தன நாளா வெச்சிருந்தா நொம்பப் பழசாயிருக்குமே!"

எல்லாரும் சிரித்தோம். நிவி சிரிக்கவில்லை. இங்கேயும் சிரிக்கிறார்களே என்று அவள் நினைப்பது முகத்தில் தெரிந்தது. அண்ணி உடனே தட்டை வைத்து, இரண்டு கரண்டி நெய் ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பால் நன்றாகப் பொங்கி வழிந்தது. மறுநாள் மிளகு பறிக்கும்போது அண்ணனிடம், யான் சொன்னதைத் தனியாகச் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். ஏணியிலிருந்தபடியே கொடியை விலக்கிக்கொண்டு சொன்னார்: "நாம மட்டும் என்னவாம்? ஆபீஸ்ல ஆகாத ஆள, 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திப்புடுவேன்'னு சொல்றதில்லையா? அந்தத் தண்ணியில்லாக் காட்டுலயும் ஊடு வாசலோட சனம் இருக்குதில்ல கண்ணு? அவங்க காதுலயும் அது உளுகுமில்ல?"

நான் அந்தப் பேச்சை எத்தனை தடவை பேசியிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். எண்ணி மாளாது.

7

கிளம்புவதற்கு முந்தின நாள். கோபிகா ஏணியில் நின்று பறித்துக்கொண்டிருந்தாள். சரத்தில் ஒன்றிரண்டு காய் சிவந்திருந்தால் அது பறிக்கிற பதம். அவளுக்கு அது கண்ணை மூடினாலும் தெரியும். நிவி கீழே நின்று கூடை பிடித்தாள். நான் பக்கத்து மரத்தில் தாழ்வான கொடியில் பறித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மேட்டில் வேறு மரத்தில்.

"நானும் ஏறறேன்," என்றாள் நிவி.

"வேண்டாம். உளுந்து கிழுந்து வெச்சீன்னா எனக்குத்தான் திட்டு."

"நீ இறங்கு. நான் ஏறறேன்."

"சொன்னாக் கேளுடி!"

கோபிகா தடுக்கப் பாதி இறங்கும்போதே நிவி ஏணியில் கால் வைத்துவிட்டாள். மூங்கில் ஆடியது. கோபிகா கீழே குதித்தாள், நிவி பின்னால் சாய்ந்தாள், கூடை உருண்டது. காலையிலிருந்து பறித்த மிளகு முழுக்க, சரிவில் காப்பிச் செடிகளுக்கு அடியில், சருகுக்குள் சிதறிப் போயிற்று. வெறும் தரையிலென்றால் பொறுக்கிவிடலாம். உதிர்ந்த காய் சருகுக்குள் இறங்கிவிட்டால் பொறுக்கி முடிக்க இடுப்பு ஒடிந்துவிடும்.

கோபிகாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துவிட்டன. "போச்சு! எல்லாம் போச்சு! எதுக்குடி வந்த? உங்கூருக்கே போடி!"

என் கை கொடியிலேயே நின்றுவிட்டது. அங்கே ஒரு 'போ', இங்கே ஒரு 'போ'. பிள்ளையைக் கூட்டி வந்து இதற்கா நிறுத்தினேன் என்று இருந்தது.

நிவி முகமெல்லாம் சிவந்து நின்றாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் திரட்டிக் கத்தினாள்: "எந்த ஊருக்குடி? அங்க யான் மிளகு விளையிற இடத்துக்குப் போன்னு சொன்னான். வந்துட்டேன்! இதுதான் அந்த இடம்! இதுக்கு மேல போறதுக்கு எனக்கு ஊர் இல்ல!"

கோபிகா அழுகையை நிறுத்தினாள். "யாரு அந்த யானு?"

"க்ளாஸ்ல. எல்லார் முன்னாலும் சொன்னான். சிரிச்சாங்க."

"அவஞ் சொன்னான்னா நீ வந்த?" கோபிகாவின் குரல் இன்னும் ஏறிற்று. எனக்குப் புரிந்தது, அவளுக்கு இப்போது மிளகு மறந்துவிட்டது. "மூணு வருசமா நானு வா வான்னு கூப்புடறேன். போனு போட்டுப் போட்டு எங்கம்மாகிட்ட ஏச்சு வாங்குனேன். அதுக்கு வர்ல. எவனோ ஒருத்தன் போன்னா உடனே வந்துருவியா?"

நிவியின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "இல்ல," என்றாள். "அவனுக்காக வரக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீ அழுதியே அன்னைக்கு, போன்ல. அதான் வந்தேன்."

இரண்டு வாரம் கழித்து என் மகள் வந்து 'வர்றேன்' என்றது எதனாலென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிப்பலியும் இல்லை, பெப்பெரியும் இல்லை. செங்கல் கனத்துக்கு அகராதி படித்து நான் செய்யாததை, இந்தச் சின்னப் பெண் 'வா' என்ற ஒற்றை எழுத்தில் செய்திருக்கிறாள்.

கோபிகா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கூடையை நிமிர்த்தி நிவியின் காலடியில் வைத்தாள். "அப்பக் குனி. பொறுக்கு."

நிவி குனிந்தாள். முட்டி போட்டு, சருகை விலக்கி, ஒவ்வொரு காயாகப் பொறுக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் கோபிகாவும் உட்கார்ந்தாள். நானும் கை கொடுக்கலாமென்று சரிவில் இறங்கினேன்.

கோபிகா நிமிர்ந்து பார்த்தாள். "அத்தே, நீங்க வேண்டாங்க," என்றாள். "நீங்க விருந்தாளி. அவ பொறுக்கட்டும்."